மின்விசிறியை அணைத்துவிட்டு

8 ஜூன் 2024, சனி

பழைய எப்சன் வி600 ஸ்கேனர் ஒன்று கைக்கு வந்துவிட்டது. விற்றவர் ஃபிலிம் மாட்டும் பிளாஸ்டிக் சட்டங்களையும் பத்திரமாக வைத்திருந்தார். அவை இல்லையென்றால் வாங்கிப் பிரயோஜனமே இல்லை. தாளை ஸ்கேன் செய்யும்போது வெளிச்சம் கீழிருந்து போய்ப் பட்டுத் திரும்பி வரும். நெகட்டிவுக்கு வெளிச்சம் ஊடுருவி வர வேண்டும். அதற்கென்றே மூடிக்குள் தனி விளக்கு இருக்கிறது, உள்பக்கத்து வெள்ளை அட்டையைக் கழற்றினால்தான் கண்ணுக்குத் தெரியும்.

பெரியப்பாவின் நெகட்டிவ்கள் இரண்டு பிஸ்கட் டப்பாக்களிலும் ஒரு 'இந்து' ஃபிலிம் பெட்டியிலும் இருக்கின்றன. ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரிப்பு. 1960-ல் மத்திய அரசு தொடங்கிய ஆலை, இப்போது மூடிக் கிடக்கிறது.

9 ஜூன், ஞாயிறு

முதலில் கலர், 35 எம்.எம். பளபளப்பான பக்கம் கீழே, மங்கலான பக்கம் மேலே. மேலிருந்து பார்த்தால் ஓரத்து எழுத்துகள் இடவலம் மாறித் தெரிய வேண்டும், ஏனென்றால் லென்ஸ் கண்ணாடிக்கு அடியில் இருந்து பார்க்கிறது. சட்டத்தின் தலைப்பில் உள்ள சின்ன ஜன்னலை எதுவும் மறைக்கக் கூடாது. அந்த வெற்று வெளிச்சத்தை வைத்துத்தான் ஸ்கேனர் தன்னைச் சரிபார்த்துக்கொள்கிறது.

கலர் நெகட்டிவின் ஆரஞ்சு நிறம் பழசானதால் வந்த கறை இல்லை. ஃபிலிமில் உள்ள நீலப்பச்சைச் சாயமும் மெஜந்தா சாயமும் தங்களுக்கு வேண்டாத ஒளியையும் கொஞ்சம் விழுங்கிவிடும். அதை ஈடுகட்டவே அந்த ஆரஞ்சைத் தெரிந்தே போட்டிருக்கிறார்கள். அதனால் வெறுமனே நிறத்தைத் திருப்பிப் போட்டால் படம் முழுக்க நீலம் பூக்கிறது. சாஃப்ட்வேர் முதலில் ஆரஞ்சைக் கழித்தாக வேண்டும். விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கை நிறுத்திவிட்டு, கான்ட்ராஸ்ட் குறைவாக, சப்பென்று இருக்கும்படி நிற விவரம் குறையாத 48 பிட் டிஃப் கோப்பாக எடுக்கிறேன். பார்க்க உப்புச் சப்பில்லாமல் இருக்கும், ஆனால் வெள்ளை வேட்டியின் மடிப்பு உள்ளே பத்திரமாக இருக்கும். மெருகெல்லாம் அப்புறம்.

12 ஜூன், புதன்

ராத்திரி அரை மணி நேரம் கிடைத்தது. ஒரே ஃபிரேமை 2400, 3200, 6400 டி.பி.ஐ-யில் (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். 2400-க்கு மேல் போனால் கோப்புதான் பெருக்கிறது, புதிதாக ஒரு முடிகூடத் தெரியவில்லை. தட்டைக் கண்ணாடியில் வைத்து எடுக்கும் ஃபிளாட்பெட் ஸ்கேனர் என்றாலே இப்படித்தான். 35 எம்.எம்முக்கு 2400 போதும் என்று முடிவு. சுமார் 3400 x 2270 பிக்ஸல், கோப்பு 46 எம்.பி.

டி.பி.ஐ-யைப் பிடித்துத் தொங்குவதை விட ஃபிலிம் தட்டையாக இருப்பதும் சுத்தமாக இருப்பதும் முக்கியம். சுருண்ட ஃபிலிமில் நடு ஒரு உயரம், ஓரம் ஒரு உயரம், ஃபோகஸ் எங்கே நிற்கும்? கண்ணாடியைத் தொட்டுவிட்டால் வானவில் வளையங்கள் வேறு. சுருண்டவற்றைப் பட்டர் பேப்பரில் வைத்துத் தடித்த அகராதிக்கு அடியில் போட்டிருக்கிறேன்.

15 ஜூன், சனி

கோவையில் ஜூன் காற்று சும்மா இருக்காது. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் நெற்றி வியர்வை ஃபிலிமில் சொட்டுமோ என்ற பயம். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, பருத்திக் கையுறை போட்டு, ரப்பர் ப்ளோயரால் ஊதி ஊதி மாட்டுகிறேன். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும்.

கலரில் தூசியை நீக்க அகச்சிவப்பு ஒளி உதவுகிறது. கலர்ச் சாயத்தின் வழியே அது தடையில்லாமல் போகும், தூசியில் முட்டி நிற்கும். முட்டிய இடத்தை சாஃப்ட்வேர் நிரப்பிவிடும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள்தான். வெள்ளியும் அதைத் தடுக்கும் என்பதால், முகத்தையே தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும். அங்கே அந்த வசதியை அணைத்துவிட்டு, ஊதலும் பொறுமையும்தான்.

16 ஜூன், ஞாயிறு

ஒரு கவரைத் திறந்ததும் வினிகர் வாசம். அசிடேட் ஃபிலிம் சிதைய ஆரம்பித்தால் இப்படித்தான் மணக்கும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அதைத் தனியே எடுத்து முதல் வேலையாக ஸ்கேன் செய்தேன். இன்னொரு கவரில் பூஞ்சை. தண்ணீர் தொட்டுத் துடைக்கவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், படமும் கூடவே போய்விடும்.

22 ஜூன், சனி

இந்து பெட்டியில் இருந்தவை 120 ரோல் என்னும் அகல ஃபிலிம், படம் 6x6 செ.மீ. சதுரம். ஃபிளாட்பெட்டுக்கு ஏற்ற ஃபிலிம் இதுதான். அதே 2400-ல் 28 மெகாபிக்ஸல் வருகிறது. பெரியப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் அதில் ஒன்று. ஹாலில் பல வருஷமாகத் தொங்கும் பிரிண்டும் அதே படம்தான்.

பெரியம்மாவைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏங்கண்ணு, இது வேற படமாட்ட இருக்குது?"

"அதே படந்தானுங்க பெரீம்மா."

"பாக்கெட்டு இந்தப் பக்கமல்லோ இருக்குது?"

ஹாலுக்குப் போய்ப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. பிரிண்டில் சட்டைப் பாக்கெட் வலது மார்பில், கைக்கடிகாரம் வலது மணிக்கட்டில். நெகட்டிவை மங்கலான பக்கம், பளபளப்பான பக்கம் பார்த்து மறுபடி சரிபார்த்தேன், ஸ்கேன்தான் சரி. அன்றைக்குப் பிரிண்ட் போட்டவர் ஃபிலிமைப் புரட்டி மாட்டியிருக்கிறார்.

"அதக் கழட்டாத. இதையும் ஒண்ணு போட்டுக் குடு, பக்கத்துல மாட்டிக்கலாம்."

12 அங்குலச் சதுரத்தில் மேட் தாளில் கேட்டு லேபுக்கு அனுப்பியாயிற்று. அடுத்த வாரம் ஸ்லைடுகள், ஒரு தடவைக்கு நான்குதான் சட்டத்தில் நிற்கும்.