அது அழுக்கில்லை, மகளே

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் விழுந்து எழுந்த மகளின் முழங்காலில் சீழ் கட்டியிருக்கிறது. “அழுக்கா, அப்பா?” என்று கேட்டாள். இல்லையம்மா, உனக்காகப் போராடி மடிந்தவர்கள் என்றேன்.

கிருமி நுழைந்த சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரின் இடுக்கில் நெளிந்து வெளியேறுகின்றன. கிருமிகளை விழுங்கிச் செரித்துத் தாமும் மடிகின்றன. சீழில் பெரும்பகுதி அவைதாம்.

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சிவப்பணுக்கள் லட்சக்கணக்கில். வெள்ளையணுக்களோ ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை. எவ்வளவு சிறிய படை! எனக்கு டெங்கி வந்தபோது அந்த எண்ணிக்கையும் சரிந்ததைப் பரிசோதனைத் தாளில் பார்த்து நடுங்கியது நினைவிருக்கிறது.

1882இல் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய உயிரியலாளர் நட்சத்திர மீனின் இளம் உயிரிக்குள் முள்ளைச் செருகினார். கிருமியைச் சூழும் நம் வெள்ளையணுக்களைப் போல, அதன் உடல் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்துகொண்டதைக் கண்டார். கதையைக் கேட்ட மகள் காயத்தை மெல்லத் தடவப் போனாள். தடுத்துவிட்டேன். நாளைக் காலை பலதுறை மருந்தகத்துக்குப் போகிறோம்.