விளை பார்க்க வருகிறார்கள்

ஜனவரி 8, வியாழன்

சரி என்று சொல்லிவிட்டேன். வீடுவீடாகப் போகிற நர்சின் வேனுக்குக் காசு சேர்க்க, வீட்டைச் சுற்றி மரம் நிற்கிற நம் விளையையும் ஊர் பார்க்கத் திறந்து விடலாமா என்று மயினி முற்றத்தில் நின்றபடியே கேட்டார், என் கையில் வாரியல், யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. இப்போது இரவு பதினொன்று. ஏன் சொன்னேன்?

ஜனவரி 10, சனி

மயினியின் மகள் அனுப்பிய வாய்ஸை இன்று முழுசாகக் கேட்டேன், எட்டு நிமிஷம். அவள் நர்சாக இருக்கிற இங்கிலாந்து ஊரில் வருஷத்தில் ஒரு சனி ஞாயிறு வீட்டுத் தோட்டங்களைத் திறந்து விடுவார்களாம். ஒரே சீட்டு, கையில் ஒரு வரைபடம், எந்த வீட்டு வாசலில் போர்டு இருக்கிறதோ உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் எங்காவது டீயும் கேக்கும், செடி விற்பனையும். சேர்கிற காசு நோயாளிகளைப் பார்க்கிறவர்களுக்கு. அந்த நாட்டில் இது 1927-ல் தொடங்கியதாம். வீடுவீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கிற நர்சுகளுக்குப் பணம் சேர்க்க எல்சி வாக் என்ற அம்மாள் சொன்ன யோசனை. ஆளுக்கு ஒரு ஷில்லிங். முதல் வருஷமே 609 தோட்டங்கள் திறந்து 8,000 பவுண்டுக்கு மேல் வந்திருக்கிறது.

வீடுவீடாகப் போகிற நர்ஸ் என்று மயினி அன்று சொன்னபோதுதான் நான் தலையாட்டியிருக்க வேண்டும். படுக்கையில் கிடக்கிற அப்பாவைப் பார்க்க நம் சிஸ்டர் வருகிற வேனின் சத்தம் சானல்கரையில் திரும்பும்போதே எனக்குத் தெரியும். அது ஒரு மாதம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தபோது அவர் பஸ்ஸில் பையைத் தூக்கிக்கொண்டு வந்ததும் தெரியும்.

கிழக்கேவீட்டு மாமி கேட்டார்: "காசு குடுத்து வெளையப் பாக்கதுக்கு யாரு வருவினும் மக்கா? அவனவன் வீட்டிலயும் இதே தென்னையும் பிலாவும்தானே நிக்குது?"

பதில் சொல்லத் தெரியவில்லை.

ஜனவரி 12, திங்கள்

காலையில் பெருக்கினேன். மத்தியானம் பெருக்கினேன். சாயங்காலம் பார்த்தால் பெருக்கினமாதிரியே இல்லை.

ஜனவரி 13, செவ்வாய்

ரப்பர் இலை உதிர்கிற மாதத்தில் இதை வைத்தது யார் என்று மயினியிடம் சண்டை போட்டேன். மேலவிளை முழுக்க ரப்பர், காற்று அடித்தால் அத்தனையும் நம் முற்றத்தில். செம்பு நிறத்தில் மூன்று மூன்றாக இலை. மயினி அமைதியாகச் சொன்னார், இலை உதிர்வதால்தான் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லாததால்தான் ஆட்களுக்கு நேரம் இருக்கிறது, வேறு எந்த மாதத்தில் வைப்பாய் என்று. அதுவும் நியாயம்தான். ஆனால் பெருக்குவது நான்.

அப்புறம் மாப்பிள்ளை விஷயம். கிணற்றுக்குப் பக்கத்தில் நிற்கிற ஜாதிக்காய் மரம் இரண்டில் ஒன்று காய்க்கும், ஒன்று காய்க்காது. விதை போட்டு வளர்த்தால் அப்படித்தான், ஆணா பெண்ணா என்று பூக்கிறவரை தெரியாது, பூப்பதற்கு ஆறேழு வருஷம் ஆகும். ஆண் என்று தெரிந்த அன்றே அம்மா வெட்டச் சொன்னாள். அப்பா வெட்டவில்லை. "பத்துப் பொண்ணுக்கு ஒரு ஆணு வேணும்" என்றார். நம்மிடம் பத்து எங்கே இருக்கிறது, ஒன்றுதானே என்று அம்மா கேட்க, "ஊர்ல நிக்குதுல்லா" என்றார். அதிலிருந்து அதற்குப் பெயர் மாப்பிள்ளை. வேலை ஒன்றும் செய்யாமல் நின்று உரம் தின்கிற வீட்டோடு மாப்பிள்ளை. என் வீட்டுக்காரர் முதல் முறை இங்கே வந்தபோது இந்தப் பேச்சு காதில் விழுந்து, தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

அதற்கு என்ன போர்டு எழுதுவது?

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அப்பா நான்கு ஸ்பூன் சாப்பிட்டார்.

ஜனவரி 18, ஞாயிறு

கூட்டம். ஒன்பது வீடு ஏழாகிவிட்டது. ஒரு வீட்டில் மருமகளுக்குப் பிரசவம், இன்னொரு வீட்டில் நாய்.

நோட்டீசில் 'தோட்டம்' என்று போட வேண்டும் என்றார்கள் சின்னப் பையன்கள். நான் 'விளை' என்றேன். இந்த மாவட்டத்தில் பள்ளிவிளை, கட்டையன்விளை என்று ஊரே விளையில் முடிகிறது, நாம் மட்டும் தோட்டம் என்று எதற்குப் போட வேண்டும்? தோட்டம் என்றால் வருகிறவர்கள் புல்தரையும் ரோஜாவும் தேடுவார்கள். நம்மிடம் இருப்பது தென்னை, தென்னைக்குக் கீழே வாழை, வாழைக்குக் கீழே சேம்பு, கமுகில் நல்லமிளகுக் கொடி, வேலியோரம் மரச்சீனி. அழகுக்கென்று நட்டது வாசலில் இருக்கிற செம்பரத்தி ஒன்றுதான், அதையும் ஆடு கடித்துவிட்டது. கடைசியில் 'விளை' என்று முடிவானது. ஆனால் பிள்ளைகள் 'மரச்சீனி'க்குப் பக்கத்தில் 'மரவள்ளி' என்றும் எழுத வேண்டுமாம், நாகர்கோவிலுக்கு அப்பாலிருந்து வருகிறவர்களுக்காக. சரி.

சானல்கரைப் பாட்டா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. சபையில் அறுப்பின் பண்டிகைக்குச் செய்கிறமாதிரி வாழைக்குலையும் பிலாச்சக்கையும் கொண்டுவந்து ஏலம் போடு, ஒரு மணிக்கூரில் காசு சேரும், சும்மா பார்க்கிறதுக்குச் சீட்டா என்று. ஞாயிறு சாயங்காலம் ஏலமும் வைக்கலாம் என்று சமாதானம் செய்தார்கள். சீட்டு ஐம்பது ரூபாய்.

யாரும் அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் அப்பாவோடு படித்தவர்கள்.

ஜனவரி 20, செவ்வாய்

சிஸ்டர் வந்தார், கதீட்டர் மாற்றினார். முதுகில் புண் ஆறி வருகிறது. இரண்டு மணிக்கூருக்கு ஒரு தடவை திருப்பிப் போடுவதை விடாதீர்கள், நன்றாகப் பார்க்கிறீர்கள் என்றார். எனக்கு அழுகை வந்தது. வெளியே போய் மாப்பிள்ளைக்குத் தண்ணீர் விட்டேன்.

அவரிடம்தான் கேட்டேன். முன்னறைக் கதவை அன்றைக்குச் சாத்தவா, திறந்து வைக்கவா? கட்டிலிலிருந்து பார்த்தால் நேரே முற்றம். முற்றத்திலிருந்து பார்த்தால் நேரே கட்டில். "அது அவருட்ட கேக்கணும்" என்றார். பேச முடியாதவர், கேட்டால் எப்படிச் சொல்வார்? "கேளுங்க, சொல்லுவாரு."

ஜனவரி 21, புதன். இல்லை, வியாழன் ஆகிவிட்டது, மணி 2.10

இரண்டு மணி அலாரத்துக்குத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தேன், தூக்கம் போய்விட்டது. கதவு. சாத்தினால், தன் விளையில் ஊரே நடக்கும்போது அவர் உள்ளே சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு கிடப்பார். சாத்தாவிட்டால், வருகிறவர்கள் மரத்தைப் பார்ப்பார்களா இவரைப் பார்ப்பார்களா. மூத்திரப் பையைத் துணி போட்டு மறைக்கலாம். வாசனைக்கு என்ன செய்ய. இந்த மனுஷன் கடைக்குப் போனாலும் சட்டைக்கு இஸ்திரி போட்டுத்தான் போவார். பால்வெட்டுக்குப் போகிற பழைய சட்டை வேறு, ரோட்டில் இறங்குகிற சட்டை வேறு. பக்கத்து வீட்டுக்குத் தீப்பெட்டி கேட்கப் போவதற்குக்கூட மாற்றுவார். திரை ஒன்று தைத்துப் போடலாமா? கேட்டேனே, மூன்று தடவை கேட்டேன், இடது கையைத் தூக்கினார். தூக்கினால் ஆமாவா? ஆமா என்றால் எதற்கு ஆமா, சாத்துவதற்கா திறப்பதற்கா? நான் கேட்டதே தப்பு, ஒரே கேள்வியில் இரண்டையும் கேட்டிருக்கிறேன். நாளைக்குத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

ஜனவரி 22, வியாழன்

தனித்தனியாகக் கேட்டேன். இரண்டுக்கும் கையைத் தூக்கினார்.

ஜனவரி 24, சனி

திடீர் மழை, மிளகெல்லாம் முற்றத்துப் பாயில். மாமியும் நானும் இழுத்தோம். பாதி நனைந்துவிட்டது.

ஜனவரி 27, செவ்வாய்

தேன் அண்ணன் வந்து பெட்டிகளை வடக்கு வேலிக்கு மாற்றி வைத்தார். யாரையாவது கொட்டிவிடுமோ என்று எனக்குப் பயம். அது சாதுவான ஈ, பெட்டியின் வாசலை மறித்து நிற்காவிட்டால் ஒன்றும் செய்யாது என்றார்.

ரப்பர் தேன் பூவிலிருந்து வருகிறது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். துளிர் விட்டிருந்த ஒரு கொம்பை வளைத்துக் காட்டினார். மூன்று இலையும் சேர்கிற இடத்தில், காம்பின் நுனியில், கடுகைவிடச் சின்னதாக மேடு. அதில் ஒரு சொட்டு பளபளவென்று நின்றது. விரலில் தொட்டு நக்கினேன், இனிப்பு. பழைய இலை உதிர்ந்து புது இலை வருகிற இந்தக் கொஞ்ச நாள்தான் அது சுரக்குமாம், மார்த்தாண்டம் பக்கத்துத் தேனில் பெரும்பகுதி இதுதானாம். மூன்று வாரமாக நான் திட்டிக்கொண்டே பெருக்கிய மரம்.

போகும்போது "அப்பா எப்படி இருக்காரு" என்று கேட்டார், வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு. உள்ளே வாருங்கள் என்றேன். கையெல்லாம் தேன், இன்னொரு நாள் வருகிறேன் என்றார்.

ஜனவரி 29, வியாழன்

போர்டுகள் எழுதியாயிற்று. வாழைக்குத் துளுவன், ஏத்தன், மட்டி, அப்புறம் அயினி, புளிச்சிக்காய். மாப்பிள்ளைக்கு 'ஜாதிக்காய் (ஆண்)' என்று எழுதினேன். பார்க்க ஆஸ்பத்திரிக் கேஸ் சீட்டு மாதிரி இருக்கிறது.

ஜனவரி 30, வெள்ளி

வீட்டுக்காரர் சென்னையிலிருந்து வரவில்லை. லீவு இல்லையாம். சரி.

ஜனவரி 31, சனி

கதவைத் திறந்தே வைத்தேன். முடிவெடுத்து அல்ல. ஒன்பது மணிக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே முதல் ஆட்கள் வந்துவிட்டார்கள், எழுந்து சாத்தக் கை ஒழியவில்லை.

முதலில் வந்தது தக்கலையிலிருந்து ஒரு குடும்பம். பிள்ளைகள் தேன்பெட்டியைத்தான் கேட்டார்கள். அப்புறம் கல்லூரிப் பையன்கள் ஆறு பேர், பாதி நேரம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துப் போட்டோ எடுத்தார்கள். விவசாயம் படித்த ஒருவர் மாப்பிள்ளையின் போர்டைப் பார்த்துவிட்டு, மேலே வெட்டிப் பெண் மரத்து ஒட்டுக் கட்டினால் மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கும், சும்மா நிற்க விடாதீர்கள் என்று பத்து நிமிஷம் விளக்கினார். நல்ல மனுஷர்தான். அப்பா காதில் விழுந்துவிடுமோ என்று நான் அவரை வாழைப் பக்கம் தள்ளிக்கொண்டே போனேன்.

மட்டிக்குலையைப் பார்த்து ஒரு அம்மா, இதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, வேறு மண்ணில் இந்த மணம் வராதாமே என்றார். நாங்கள் பிள்ளைகளுக்கு முதலில் ஊட்டுகிற பழம் இதுதான் என்றேன். அப்பாவுக்கும் இப்போது மசித்துக் கொடுப்பது இதுதான் என்பதைச் சொல்லவில்லை.

பதினொன்றரைக்கு சானல்கரைப் பாட்டா வந்தார். கையில் சீட்டு. ஏழு வீட்டில் வேறு எங்கும் போகவில்லை என்று அப்புறம் தெரிந்தது. சீட்டை என்னிடம் நீட்டினார், நான் வாங்க மாட்டேன் என்றேன், "பாத்துக்கோ, காசு குடுத்துதான் வந்திருக்கேன்" என்றார். முற்றத்தில் ஒரு மரத்தையும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய்க் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர், அப்பாவோடு ரப்பர் ஷீட் அடித்தவர்கள், அவர்கள் கையிலும் சீட்டு. தேன் அண்ணனும் வந்தார், கை கழுவிவிட்டு.

எனக்கு முதலில் வந்தது கோபம். பதினோரு மாதம். பதினோரு மாதமாக இந்த ரோட்டில்தான் போகிறார்கள், வருகிறார்கள், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "எப்படி இருக்காரு" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். உள்ளே வர ஐம்பது ரூபாய்ச் சீட்டு வேண்டியிருந்ததா? அடுக்களையில் போய்க் கருப்பட்டிக் காப்பி போட்டேன், கை நடுங்கி ஒரு டம்ளர் கொட்டியது. திரும்பி வந்தபோது பாட்டா ரப்பர் ஒட்டுப்பால் விலை சொல்லிக்கொண்டிருந்தார், யாரோ நெல்வயலைச் சானல் தண்ணீர் இல்லாமல் தரிசு போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், அப்பா பதில் சொல்வதாகவே வைத்துக்கொண்டு நடுநடுவே நிறுத்தி நிறுத்தி. அப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சட்டை மாற்றிவிட மறந்துபோயிருந்தேன். பழைய பனியன்.

வெறுங்கையோடு வந்து என்ன பேசுவது என்று தெரியாமல் இருந்திருக்கலாம். சீட்டு இருந்தால் விளை பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படித்தான் இருக்கும். கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன்.

பன்னிரண்டு மணிக்குத் திருப்பிப் போட வேண்டும் என்றதும் பாட்டா எழுந்து மறுபக்கம் பிடித்தார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

கால் வீங்கியிருக்கிறது. ஆராதனை முடிந்து வந்த கூட்டம், அம்பலத்துக்குப் போய்விட்டு வந்த கூட்டம், எல்லாம் ஒன்றாக. ரசவடை பதினொரு மணிக்கே தீர்ந்தது. மயினி ஏத்தம்பழ பஜ்ஜி போட்டுக்கொண்டே இருந்தார்.

ஏலம் சாயங்காலம் நான்கு மணிக்கு, நம் முற்றத்தில்தான். இடிச்சக்கை, காச்சில், ஒரு குப்பி தேன், நனைந்து காய்ந்த நம் மிளகு. அப்பாவின் மட்டிக்குலையை எடுத்தவர் திரும்ப ஏலத்துக்கே கொடுத்தார், அடுத்தவரும் அப்படியே, மூன்று தடவை ஒரே குலை விலை போனது. ஒவ்வொரு தடவையும் விலை கூவுகிறவர் கதவுப் பக்கம் திரும்பி "அண்ணாச்சி, தரவா?" என்று கேட்டார். மூன்று தடவையும் இடது கை உயர்ந்தது. அந்தக் கை எல்லாவற்றுக்கும் உயரும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

எண்ணினோம். சீட்டில் 9,350. டீயும் பலகாரமும் செலவு போக 4,120. ஏலம் 17,800. பாட்டா ஒன்றும் பேசவில்லை, பார்த்த பார்வை போதும். வேனுக்கு நான்கு டயர் போக டீசலுக்குக் கொஞ்சம் மிஞ்சும் என்கிறார் மயினி.

கிணற்றடியில் ஐஸ்கிரீம் குச்சி, யாரோ சேம்பை மிதித்திருக்கிறார்கள். காய்க்கிற ஜாதி மரத்தில் கீழ்க்கொம்பில் வெடித்து நின்ற காயைக் காணோம், சிவப்பு ஜாதிபத்திரியோடு அழகாக இருந்தது. எடுத்துக்கொண்டு போனவர் நன்றாக இருக்கட்டும்.

பிப்ரவரி 4, புதன்

பாட்டா வந்தார். சீட்டு இல்லாமல். வெட்டுகத்தி வேண்டும் என்றார், அவரிடம் மூன்று இருக்கிறது. அரைமணிக்கூர் இருந்துவிட்டு வெட்டுகத்தியை மறந்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளையின் போர்டைக் கழற்றிவிட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

அப்பாவின் மூத்திரக் குழாயில் கலங்கலாக வருகிறது. உடம்பு சூடு. சிஸ்டர் பதினொன்றுக்கு வருகிறேன் என்றார். வேன் திரும்ப இடம் வேண்டும், மிளகுப் பாயை இழுத்துப் போட வேண்டும்.