செவ்வாய்ப்பேட்டைக்கு ஒரு 1970 மாடல் தலைப்பு

பழைய ஆங்கில அறிவியல் புனைகதைப் புத்தக அட்டைகளில் ராக்கெட்டைவிட எனக்குப் பிடித்தது தலைப்பு எழுத்துதான். அது தமிழில் எடுபடுமா என்று பார்க்க, எழுதப்படாத ஒரு நாவலுக்கு அட்டை வரைந்துகொண்டிருக்கிறேன். நாவலின் பெயர் 'செவ்வாய்ப்பேட்டை'. நம்ம சேலத்தில் லீ பஜார் இருக்கிற அதே பேட்டைதான், என்ன, கிரகம் மட்டும் வேறு.

முதலில் 1926 ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' பத்திரிகையின் பாணி. அதில் முதல் எழுத்து ராட்சச அளவில் நிற்கும். மற்றவை வால்நட்சத்திரம் போலச் சிறுத்துக்கொண்டே போகும். 'செ'வில் முன்னால் நிற்பது கொம்பாயிற்றே! பாதி அட்டையைக் கொம்பே பிடித்துக்கொண்டது, ச பின்னால் ஒடுங்கிவிட்டது. கொம்பையும் ச-வையும் ஒரே உயரத்தில் வைத்து அடுத்த எழுத்திலிருந்து குறைத்ததும் பார்க்க லட்சணமாக வந்தது. ஆனால் கடைசி 'டை' பொடியாகிச் சுழிகள் மையில் அடைத்துக்கொள்கின்றன. நாலெழுத்துத் தலைப்புக்குத்தான் இது லாயக்கு.

அப்புறம், எனக்கு நிஜமாக ஆசை இருந்த கம்ப்யூட்டர் எழுத்து. வீட்டில் செக் புத்தகம் இருந்தால் அடிவரிசை எண்களைப் பாருங்கள். இ-13பி என்ற காந்த மை எழுத்து அது. 13 என்பது 0.013 அங்குலக் கட்டம். எண்ணின் உயரம் ஒன்பது கட்டம், சுமார் 3 மில்லிமீட்டர். எண் நகரும்போது எங்கே மை கூடுகிறது, எங்கே குறைகிறது என்பதை வைத்துத்தான் இயந்திரம் அது எந்த எண் என்று கண்டுபிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் வீங்கினாற்போல இருக்கும் அந்தத் தடிப்புக்குக் காரணம் இதுவே.

வேடிக்கை என்னவென்றால், அதில் பத்து எண்களும் நான்கு குறிகளும்தான், எழுத்தே கிடையாது. 1960-களில் லியோ மேக்ஸ் வரைந்த வெஸ்ட்மின்ஸ்டர், 1970-இல் தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாள் விற்ற லெட்ராசெட் நிறுவனத்துக்காக பாப் நியூமன் வரைந்த டேட்டா 70 எல்லாம் அந்த வீக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கற்பனையில் உண்டாக்கிய எழுத்துகள். அவர்கள் உண்டாக்கலாம் என்றால் நாமும் உண்டாக்கலாமே!

கிராஃப் நோட்டில் எழுத்துக்கு ஒன்பது கட்டம் உயரம் வைத்தேன். ட, ப இரண்டும் இதற்காகவே பிறந்தவை. நேர்க்கோடு, மூலை, அவ்வளவுதான். ட-வின் மூலையில் தடிப்பை ஏற்றியதும் அசல் 1970. தகராறு ய-வில். இடது காலைத் தடிப்பாக்கினால் நடு இடைவெளி மூடிக்கொண்டு ப ஆகிவிடுகிறது. ஐந்து ரோடு பக்கம் போர்டு எழுதும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "ஏங்க தம்பி, செவ்வாப்னு இருக்குதே, ய எங்கீங்க? கனத்தைத் தூக்கி வலது காலுக்குக் குடுங்க" என்றார். கொடுத்தேன். சட்டென்று ய ஆகிவிட்டது.

கொம்புகளுக்கு வீக்கமே கூடாது என்பது என் கட்சி. சுழியைச் சதுரமாக்கி, ஒல்லியாக விட்டால் பக்கத்து எழுத்தின் தடிப்பு எடுப்பாகத் தெரிகிறது. தலைப்பில் நான்கு புள்ளிகள். வட்டமாக வைத்தால் இந்த எழுத்தோடு ஒட்டவில்லை, சதுரமாக வைத்தேன்.

வ இன்னும் அடங்கவில்லை. அதன் சுழியைச் சதுரமாக்கினால் தாழ்ப்பாள் மாதிரி இருக்கிறது. அதை முடித்துவிட்டு, கருப்பு மை ஏற்றி, ஜெராக்ஸ் கடையில் பாதி அளவுக்குக் குறைத்து எடுக்க வேண்டும். குறைத்தால் ஓரத்துப் பிசிறு தெரியாது. அட்டையில் நிறம் ஆரஞ்சுதான், அதில் சந்தேகமில்லை.