புது எஞ்சினோடு பழைய சாலையில்

புதுக் கார் வாங்கிய கையோடு நெடும்பயணம் கிளம்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகக் கிளம்பலாம். எந்த வழியாகப் போகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மலைக்குப் போக எங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. விரைவுச் சாலை நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். பழைய சாலை ஊர் ஊராக நுழைந்து, ஏறி இறங்கி, கூடுதல் நேரத்தைத் தின்றுவிட்டுத்தான் விடும். நான் பழைய சாலையில் திருப்பியதும் பக்கத்து இருக்கையில் இருந்த சித்தப்பாவுக்கு மகிழ்ச்சி. "நல்ல வேலை செய்தாய். இதில் நினைத்தாலும் வேகமாகப் போக முடியாது" என்றார்.

மெதுவாகப் போவதற்காக அந்தச் சாலையை நான் பிடிக்கவில்லை. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்ட அதைவிட வசதியான பாதை கிடைக்காது என்பதால்தான் பிடித்தேன். புது எஞ்சினின் பாகங்கள் ஒன்றோடொன்று படிய அப்படி ஓட்டுவதுதான் நல்லது.

எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல வழுவழுப்பாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் தொழிற்சாலையிலேயே அதில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள் போட்டு விடுகிறார்கள். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்குகிறது. அவற்றின் கூர்மையான விளிம்புகள் மேல், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான பிஸ்டன் ரிங் உரசி உரசி, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துவதால் இந்தப் பொருத்தம் நடக்கிறது. ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஊர்ந்துகொண்டே இருந்தால் அந்த அழுத்தம் போதாது. ரிங் சரியாகப் படியாமல், சுவர் மட்டும் மெருகேறிப் பளபளத்துவிடும். பிறகு ஆயில் எரியும், இழுவை குறையும். அதற்காக முதல் நாளே மிதியைத் தரைவரை அழுத்தினால் உரசும் இடங்களில் சூடு அளவு மீறும்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டே, லேசான ஏற்றம் ஒன்றில் மூன்றாவது கியரில் வண்டியை இழுக்க விட்டேன். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) சுழல்கிறது என்று காட்டும் முள் 1,800-லிருந்து சீராக ஏறி 3,500-ஐத் தொட்டதும் காலை எடுத்தேன். எஞ்சின் தானாக வேகத்தை உள்வாங்கியது. மறுபடியும் மிதித்தேன். "என்னப்பா, புது வண்டியை இப்படியா ஓட்டுவார்கள்? நாற்பதைத் தாண்டக் கூடாது என்று பின்கண்ணாடியில் எழுதி ஒட்டிக்கொண்டு ஓட்டியவர்கள் நாங்கள்!" அவர் காலத்துக்கு அது சரிதான். இன்றைய இயந்திரக் கடைசல் அதைவிடப் பலமடங்கு துல்லியமானது. இப்போதைய கையேடுகளும் அவ்வளவு கறார் காட்டுவதில்லை. டொயோட்டாவின் பல மாடல்களில் முதல் 1,000 கி.மீ. வரை மிதமிஞ்சிய வேகமும் திடீர் முடுக்கமும் வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பிஎம்டபிள்யூ 2,000 கி.மீ. வரை பொறுக்கச் சொல்கிறது. உங்கள் கையேடு சொல்வதே உங்களுக்குச் சட்டம். அதை யார் படிக்கிறார்கள் என்பது வேறு கதை.

விரைவுச் சாலையில், வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கண்ட்ரோலைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வது, ஒரே வேகத்தில் நெடுநேரம் வேண்டாம் என்ற அந்தத் தடையில் அப்படியே அடங்கும்.

மலை ஏறும்போது எதிர்ப்பக்கத் தவறுக்கு இடம் கொடுக்கக் கூடாது. உயர் கியரிலேயே வைத்து எஞ்சினை முக்க விடுவது, அதிக ஆர்பிஎம்மில் அலற விடுவதைப் போலவே கெடுதல். வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு இறக்கினேன். பாரமும் அதிகம் ஏற்றவில்லை. பின்னால் எதையும் கட்டி இழுப்பதென்றால் ஆரம்பத்தில் அறவே கூடாது. பாதி மலையில் கருகல் வாடை வந்ததும் சித்தப்பா ஜன்னலை இறக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். புதுப் புகைக்குழாய் மேல் இருக்கும் பூச்சு முதல் தடவை நன்றாகச் சூடேறும்போது அப்படித்தான் நாறும். நிறுத்திக் குனிந்து பார்த்தோம். கசிவு எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் வாடையும் போய்விட்டது.

இறக்கத்தைப் பற்றித்தான் எனக்கு உள்ளூர யோசனை இருந்தது. புது பிரேக் பட்டைகளும் டிஸ்குகளும் ஒன்றோடொன்று படிய ஏறக்குறைய 300 கி.மீ. ஆகும். புது டயர்களுக்கும் ஆரம்பத்தில் முழுப் பிடிப்பு இருக்காது. சுற்றுவழியில் சமவெளியிலேயே அந்தத் தூரம் கழிந்துவிட்டதால் நிம்மதி. கீழ் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்க, பிரேக்குக்கு அதிக வேலை வைக்கவில்லை.

அடிவாரத்தில் சமதரையாகப் பார்த்து நிறுத்தினோம். எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் ஆயில் கீழே வடியக் காத்திருந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி செருகி எடுத்தேன். அளவு மேல்கோட்டிலிருந்து ஒரு நூல் இறங்கியிருந்தது. ரிங் படியும்வரை கொஞ்சம் ஆயில் குடிப்பது இயல்பு. கீழ்க்கோட்டை நெருங்கினால்தான் கவலை. சித்தப்பாவோ, ஊர் திரும்பியதும் ஆயிலையே மாற்றிவிட வேண்டும் என்றார். ஆரம்ப ஆயிலை அவசரப்பட்டு மாற்றாதீர்கள் என்று சில நிறுவனங்கள் கையேட்டிலேயே எழுதியிருக்கின்றன; ஹோண்டா அவற்றில் ஒன்று. அந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தவர், "சரி, அவர்கள் எழுதட்டும். நீ மாற்றிவிடு" என்றார்.