அப்பா கையெழுத்து இல்லாத விண்ணப்பம்

அக்கா மகளுக்கு உதவித்தொகை கிடைத்து நாலு மாதம் ஆகிறது. ஆனாலும் அந்த போலீஸ் ஸ்டேஷன் கவுண்டரை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் அப்பா கூட இல்லாமல் வளரும் பிள்ளைகள் நிறைய பேர், அவர்கள் வீட்டில் யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

படிப்பில் அவள் எங்களுக்கு ஒரு கவலையும் வைக்கவில்லை. அக்கா துணி ஃபேக்டரியில் மெஷின் தைக்கிறாள், ஆயா இங்கேயே இருக்கிற பங்களாதேஷ் மார்க்கெட் என்ற சந்தையில் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் விற்கிறார். மார்க்கெட் நாளில் விடியும் முன்பே எழுந்து ஆயாவுக்குக் கட்டு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் இவள் பள்ளிக்கூடம் போவாள், லோட்ஷெடிங் என்று முறை வைத்து மின்சாரத்தை நிறுத்தும் இரவுகளில் சார்ஜ் விளக்கில் கணக்குப் போடுவாள். பத்தாவதில் ஒரு டீச்சர், கணக்கை விட்டுவிட்டு மேத்ஸ் லிட்டரசி எடு, அது அன்றாடக் கணக்கு மட்டும் உள்ள சுலபமான பாடம், மார்க் வரும் என்றார். இவள் கேட்கவில்லை, நல்லவேளை. மேத்ஸ் லிட்டரசி எடுத்த பிள்ளை மேட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாவது இறுதித் தேர்வில், எவ்வளவு வாங்கினாலும் யுனிவர்சிட்டியில் இன்ஜினியரிங் பக்கம் போக முடியாது. இவள் ஆசைப்பட்டதே சிவில் இன்ஜினியரிங்.

சிஏஓ என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாக யுனிவர்சிட்டிக்கு விண்ணப்பித்தது சுலபமாக முடிந்தது. என்எஸ்ஃபாஸ் என்ற அரசாங்க உதவித்தொகைக்கும் தகுதி இருந்தது, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருக்க வேண்டும், எங்களுடையது அதன் பக்கத்தில்கூட வராது. 2018-லிருந்து புதிதாகச் சேருகிறவர்களுக்கு இது கடனும் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம்.

சிக்கல் அந்த உதவித்தொகைக்கான சம்மதப் படிவத்தில் வந்தது. அப்பா கையெழுத்துக்கு ஒரு கோடு. அவர் ஜோஹன்னஸ்பர்க் போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது, போன் நம்பர்கூடக் கிடையாது. விவரம் கேட்க ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், கையெழுத்து இல்லாவிட்டால் அனுப்பவே அனுப்பாதீர்கள் என்றார். திரும்பி வரும்போது டாக்சியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வேறோர் இடத்தில் ஒரு அம்மாள்தான், அப்பா எங்கே என்று தெரியாததை அஃபிடவிட்டாக, அதாவது போலீஸ் ஸ்டேஷனில் உறுதிமொழி சொல்லி முத்திரை வாங்கும் வாக்குமூலமாக, எழுதி இணையுங்கள் என்று வழி சொன்னார்.

சரி என்று ஸ்டேஷனுக்குப் போனால், முதல் நாள் ஆள் இல்லை, நாளைக்கு வா. அக்காவுக்கு வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. மறுநாள் கவுண்டரில் இருந்தவர் அவரே எழுதிக்கொண்டார், அக்கா கையெழுத்துப் போட்டாள், வீட்டுக்கு வந்து வாசித்தால் 'தகப்பன் யாரென்று தெரியாது' என்று இருக்கிறது! பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் அச்சாகி இருக்கிறது. கல்யாணம் பண்ணி, குடும்பம் நடத்தி, விட்டுப் போனவனைப் பற்றி இப்படி எழுதினால் அக்காவுக்கு எப்படி இருக்கும்? அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

மூன்றாவது தடவை நானும் கூடப் போனேன். கவுண்டரில் வேறொருவர். 'தகப்பன் யாரென்று தெரியும், இப்போது இருக்கும் இடம்தான் தெரியாது' என்று நாங்களே எழுதிக் கொண்டுபோன காகிதத்தைக் கொடுத்தோம், அவர் வாசித்துப் பார்த்து உறுதிமொழி வாங்கி முத்திரை போட்டார், பத்து நிமிஷம்தான் ஆனது. அதனால் நீங்களே எழுதிக்கொண்டு போங்கள், அவர்கள் எழுதினால் கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள், பின்னால் வரிசை நிற்கிறதே என்று அவசரப்படாதீர்கள். அஃபிடவிட்டுக்கும் சரி, ஐடி நகல் அசல்போலவே இருக்கிறது என்று முத்திரை போட்டுச் சர்டிஃபை செய்வதற்கும் சரி, ஸ்டேஷனில் காசு கிடையாது.

அப்புறம் நாங்கள் செய்த தவறு ஒன்று. மே மாதமே எல்லா நகலையும் சர்டிஃபை செய்து அடுக்கி வைத்திருந்தோம், பதிவேற்றப் போகும்போதுதான் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட முத்திரை செல்லாது என்று தெரிந்தது. திரும்ப அதே வரிசை.

ஜனவரியில் மேட்ரிக் ரிசல்ட், பேச்சிலர் பாஸ், அதாவது டிகிரி படிக்கத் தகுதியான தேர்ச்சி. அதற்குப் பிறகு ஒரு நாள் மார்க்கெட்டில் ஆயாவுக்கு உதவியாக நின்றிருந்தபோதுதான் போனில் நிதி கிடைத்த செய்தி வந்தது. அவள் சத்தம் போட்டதில் பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

அஃபிடவிட்டின் அசல் இப்போது ஆயாவின் பிஸ்கட் டின்னில் இருக்கிறது. அவள் தம்பி இந்த வருஷம் பத்தாவது, அவனும் கணக்கை விடவில்லை.