குண்டுப் பையன் ஏன் எப்போதும் கோல்கீப்பர்?

குண்டான ஆறு வயதுப் பிள்ளையை ஃபுட்பால் கோச்சிங்கில் சேர்க்க வருபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மாசத்துல வெயிட் குறையும்?" குறைய வேண்டியதே இல்லை. இந்த வயதில் பெரும்பாலும் எடை ஏறாமல் நின்றாலே போதும், உயரம் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

116 செ.மீ. உயரம், 25 கிலோ எடையுள்ள பையன் என்று வையுங்கள். எடை 25ஐ, மீட்டரில் உயரமான 1.16ஆல் இரண்டு முறை வகுத்தால் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடையா என்று காட்டும் எண்) 18.6. உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி ஆறு வயதுப் பையனுக்கு 16.8ஐத் தாண்டினால் அதிக எடை, 18.5ஐத் தாண்டினால் உடல் பருமன். அடுத்த வருடம் 6 செ.மீ. வளர்ந்து, அதே 25 கிலோவில் இருந்தால் 16.8 ஆகிவிடும். ஏழு வயதில் அதிக எடைக்கான கோடு 17.0. ஒரு கிராம்கூடக் குறையாமல் உள்ளே வந்துவிட்டான்! பெரியவர்களுக்கான பிஎம்ஐ 25 என்ற எல்லையைப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். பெண் பிள்ளைகளுக்கு அட்டவணை தனி.

உயரம் அளப்பதில்தான் கோட்டை விடுகிறோம். ஷூவைக் கழற்றி, குதிகால் சுவரில் ஒட்ட நிறுத்தி, கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தலைமேல் சுவருக்கு நேர்கோணமாக வைத்துக் கோடு போடுங்கள். 116ஐ 118 என்று எழுதினால் பிஎம்ஐ 18.0, பருமன் காகிதத்தில் காணாமல் போய்விடும்.

சேர்க்கும் முன் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இரவில் குறட்டை, ஓடியபின் விடாத இருமல், நொண்டல் இருந்தால் சொல்லுங்கள். பின்கழுத்துக் கறுப்பை அழுக்கென்று நாரால் தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம்.

கோச்சிங்கைத் தேர்ந்தெடுக்க ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். ஏதாவது ஒரு பிள்ளையைப் பத்து நிமிடம் கவனித்து, அது ஓடும்போது மட்டும் வாட்சை ஓடவிடுங்கள். ஐந்து நிமிடம்கூடத் தேறவில்லையென்றால் வேறு இடம் பாருங்கள். ஒரே பந்து, பன்னிரண்டு பேர் வரிசை என்றால் ஒரு மணி நேர வகுப்பில் முக்கால்வாசி நின்றே கழியும். ஐந்து வயதுக்கு மேல் தினம் சராசரியாக 60 நிமிடம் உடல் அசைய வேண்டும் என்கிறார்கள். நின்ற நேரம் அதில் சேராது. ஆளுக்கொரு சைஸ் 3 பந்து, நாலுக்கு நாலு ஆட்டம் என்று நடத்துகிற இடம் நல்லது.

அங்கேயும் தலைப்பிலுள்ள சிக்கல் வரும். ஓட்டம் யாருக்கு அதிகம் தேவையோ, அவனைக் கோலில் நிறுத்திவிடுவார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கீப்பரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். 'அவுட்' ஆனால் உட்கார வைக்கும் விளையாட்டுகளிலும் முதலில் உட்காருவது அவன்தான். அவுட் ஆனால் ஐந்து குதி, மறுபடி உள்ளே என்று மாற்றினால் தீர்ந்தது. தண்டனையாக ரவுண்டு ஓட விடும் கோச்சிடம் பிள்ளையை விடாதீர்கள். ஓட்டமே தண்டனை என்று பதிந்துவிட்டால் பிறகு எதைச் சொல்லி ஓட வைப்பது?

இரண்டாவது வாரம் "வயிறு வலிக்குது, போகல" என்றால் தொடையைப் பாருங்கள். உள்தொடை உரசிச் சிவந்திருக்கும், சொல்ல வெட்கப்படுவான். ஷார்ட்ஸுக்குள் முழங்கால்வரை இறுக்கமான சைக்கிளிங் ஷார்ட்ஸ், தொடை இடுக்கில் கொஞ்சம் வாஸ்லின். ஜெர்ஸி வயதுக்கேற்ற சைஸ் வேண்டாம், போட்டுப் பார்த்து வாங்குங்கள். வயிற்றில் ஏறுகிற ஜெர்ஸியை இழுத்துக்கொண்டே ஓடுகிறவன் பந்தைப் பார்க்க மாட்டான்.

ஆட்டம் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே ஜூஸ் பாக்கெட் காத்திருக்கும். 100 மி.லி.க்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று பின்பக்கம் பாருங்கள். 12 கிராம் என்றால் 200 மி.லி.க்கு 24, அதாவது சுமார் ஆறு டீஸ்பூன். ஓடியதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். தண்ணீர் போதும். ஆட்டத்தின் நடுவிலும் கால் மணிக்கு ஒருமுறை சில மடக்கு.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை, உயரம் இரண்டையும் அளந்தால் போதும். வாராவாரம் மெஷினில் ஏற்றினால் காலைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்ப்பீர்கள்.