குட்டை உயரத்துக்கு ஒரு ஸ்டீல் பிரேம்: கைவேலையும் ஃபாக்டரியும் அக்கம்பக்கமாக

152 செ.மீ. உயரமுள்ளவருக்கான டூரிங் சைக்கிள் பிரேம். வரைபடம், குழாய் வெட்டு, பிரேசிங் (பித்தளையை உருக்கிக் குழாய்களை ஒட்டுவது), நேர் பார்ப்பது எல்லாம் முடிந்து பெயின்ட் மட்டும் பாக்கி. கடையில் கிடைக்கும் எக்ஸ்எஸ் சைஸ் பிரேமை பக்கத்தில் வைத்து அளந்துகொண்டே போனதில், கைவேலை ஜெயிப்பது வெல்டிங்கில் இல்லை, வரைபடத்தில்தான் என்று தெளிவாகவே தெரிகிறது.

சிக்கல் முன் சக்கரத்தில் ஆரம்பிக்கிறது. 700சி சக்கரம் (ரிம் 622 மி.மீ.) 28 மி.மீ. டயரோடு சுமார் 339 மி.மீ. ஆரம் வரும். பிரேம் சிறுக்கச் சிறுக்கச் சக்கரம் பெடலை நெருங்குகிறது. வளைவில் மெதுவாகத் திரும்பினால் ஷூ நுனி டயரில் இடிக்கும். பெரும்பாலும் எல்லா சைஸுக்கும் ஒரே ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) என்பதால், ஃபாக்டரி இதைக் கோணத்தால் சமாளிக்கிறது. ஹெட் கோணத்தை (ஹேண்டில் தண்டு நுழையும் ஹெட் டியூபின் சாய்வு) 70.5° வரை சாய்க்கும், சீட் கோணத்தை (சீட் டியூபின் சாய்வு) 75° ஆக்கும். 45 மி.மீ. ஆஃப்செட் (திருப்பும் அச்சுக்கு முன்னால் சக்கர அச்சு தள்ளியிருக்கும் தூரம்) உள்ள ஃபோர்க்கோடு கணக்கிட்டால் டிரெயில், அதாவது திருப்பும் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கு எவ்வளவு பின்னால் டயர் தரையைத் தொடுகிறது என்பது, 72 மி.மீ. வருகிறது. சாதாரண ரோடு சைக்கிளில் இது 55, 60தான் இருக்கும். 72 என்றால் மெதுவாக ஏற்றம் மிதிக்கும்போது ஹேண்டில் ஒரு பக்கமாகச் சரியப் பார்க்கும்.

75° சீட் கோணத்தில் இன்னொரு ஏமாற்று. அளவுப் பட்டியலில் டாப் டியூப் (சீட் டியூபையும் ஹெட் டியூபையும் இணைக்கும் மேல் குழாய்) குட்டையாகத் தெரியும். ஆனால் 73°-க்கும் 75°-க்கும் இடையே சீட் 2 செ.மீ.க்கு மேல் முன்னால் போய்விடுகிறது. அதைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் கைக்கு மிச்சமானது காணாமல் போகும். சின்ன பிரேம் வாங்குபவர்கள் டாப் டியூப் நீளத்தை விட்டுவிட்டு, ரீச் அளவை, அதாவது பாட்டம் பிராக்கெட் (பெடல் கைகள் சுழலும் கீழ்க் கூடு) மையத்திலிருந்து ஹெட் டியூப் உச்சிக்குக் கிடைமட்டமாக எவ்வளவு என்பதைப் பார்க்கவேண்டும்.

கையால் செய்வதில் சக்கரத்தையே மாற்றிவிடலாம். 26 அங்குல ரிம் (559), 38 மி.மீ. டயர், ஆரம் 317. வரைபடத்தில் நின்ற அளவுகள்: சீட் 73°, ஹெட் 71°, ரீச் 370, ஸ்டாக் (ரீச்சின் அதே இரு புள்ளிகளுக்கு இடையே செங்குத்து உயரம்) 490, பாட்டம் பிராக்கெட் இறக்கம் (சக்கர அச்சுக்கு எவ்வளவு கீழே) 50, ஃபோர்க் ஆஃப்செட் 55, கிராங்க் (பெடல் கை) 160. பாட்டம் பிராக்கெட்டிலிருந்து முன் அச்சு 580 வருகிறது. அதில் கிராங்கையும் சக்கர ஆரத்தையும் கழித்தால் பெடல் அச்சுக்கும் டயருக்கும் நடுவே 103 மி.மீ.; இதே பிரேமில் 700சி போட்டால் 81தான். பெடல் அச்சுக்கு முன்னால் ஷூ 9, 10 செ.மீ. நீளும் என்பதால் அந்த 22 மி.மீ.தான் இடிப்பதா தப்புவதா என்று முடிவு செய்கிறது. டிரெயில் 51. நீளமான ஆஃப்செட் இல்லாமல் இது வராது, அதனால் ஃபோர்க்கும் கைவேலைதான்.

குழாய் எல்லாம் பட்டட் குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்): டவுன் டியூப் (ஹெட் டியூபிலிருந்து பாட்டம் பிராக்கெட்டுக்கு இறங்கும் குழாய்) 31.8 மி.மீ., சுவர் 0.9/0.6/0.9, டாப் டியூப் 28.6, சுவர் 0.8/0.5/0.8. சின்ன பிரேமில் அதிகம் தவறுவது இங்கேதான். குழாயின் இரு முனையும் தடிப்பு, நடு மெலிசு. 600 மி.மீ. குழாயை ஒரே பக்கத்திலிருந்து 150 மி.மீ. குறைத்தால் அந்தப் பக்கத் தடிப்பு முழுவதும் போய், மெலிசான சுவரில் பிரேசிங் சூடு விழும். சில மாதம் ஓட்டியபின் ஜாயின்ட்டை ஒட்டி விரிசல் விடும். வெட்டுமுன் ஒரு முனையில் டார்ச் அடித்து மறு முனையில் பார்த்தால் தடிப்பு மாறும் இடம் உள்ளே வளையமாகத் தெரியும். அதை வெளியே மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு, இரு பக்கமும் பங்கிட்டு வெட்டவேண்டும். சீட் டியூபில் ஒரு முனையில்தான் தடிப்பு. அது பாட்டம் பிராக்கெட் பக்கம் வரவேண்டும்.

லக் போடும் யோசனை சீக்கிரமே விழுந்தது. நம் ஊர்ப் பழைய கறுப்பு சைக்கிளில் குழாய்கள் சேரும் இடத்தில் இருக்கும் உறைதான் லக். அது குறிப்பிட்ட கோணத்துக்கே வார்க்கப்பட்டு வரும். சரிவான டாப் டியூபும் 100 மி.மீ. ஹெட் டியூபும் அதில் அடங்காது. ஆகவே ஃபில்லட் பிரேசிங், அதாவது ஜாயின்ட்டைச் சுற்றிப் பித்தளையை வழித்து நிறைப்பது.

ஃபில்லட் நிற்பது குழாய் முனையின் கவ்வலில். பேப்பர் டெம்ப்ளேட் சுற்றி, ரம்பத்தில் தோராயமாக வெட்டி, அரைவட்ட அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இழைக்கவேண்டும். லைட்டுக்கு எதிரே பிடித்தால் கீற்று வெளிச்சம்கூட வரக்கூடாது. சந்து இருந்தால் பித்தளை அதை நிரப்பிவிடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆறும்போது சுருங்கி டியூபை அந்தப் பக்கம் இழுத்து, 71° 70 ஆகிவிடும். மொத்த வேலையில் பாதி நேரம் அரத்துக்கே போகிறது.

சூடு ஏற்றுமுன் காற்றுத் துளை முக்கியம். குழாய் சேரும் இடங்களில் ஹெட் டியூபிலும் பாட்டம் பிராக்கெட் ஷெல்லிலும் 4 மி.மீ. துளை. இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து, உருகிய பித்தளையை ஊதித் துப்பும்.

ஜிக்கில் (குழாய்களை அசையாமல் பிடிக்கும் சட்டம்) ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் நான்கு டேக் (சின்னப் பொட்டு ஒட்டு), வெளியே எடுத்து நேர் பார்த்து, பிறகு முழு ஓட்டம். பித்தளைக் கம்பி சுமார் 880 டிகிரி செல்சியஸில் உருகும். ஸ்டீல் மங்கிய ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சூடு குறைந்தால் பித்தளை முத்தாக உருண்டு நிற்கும், பரவாது. கூடினால் துத்தநாகம் கொதித்து வெள்ளைப் புகை விட்டு ஊசித்துளைகள் விழும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும்; கதவு ஜன்னல் திறந்துதான் வேலை. இடது பக்கம் கால் சுற்று என்றால் அடுத்தது வலது பக்கம் கால் சுற்று. ஒரே மூச்சில் சுற்றி வந்தால் முதலில் சூடான பக்கம் இழுத்துக்கொள்ளும். பாட்டில் போல்ட் இடங்களும் பிரேக் பிரிட்ஜும் கடைசியில், 56% சில்வர் கம்பியில். அது 650 டிகிரியிலேயே ஓடிவிடும், பக்கத்துப் பித்தளை அசையாது.

ஃப்ளக்ஸ் (பித்தளை பரவுவதற்காக ஜாயின்ட்டில் பூசும் பூச்சு) கண்ணாடியாக உறைந்திருக்கும். வெந்நீரில் நன்றாக ஊறப் போடாமல் சுரண்டினால் அடியில் ஒளிந்திருக்கும் துளை தெரியாது, பெயின்ட்டும் பிறகு உரிந்து வரும். ஃபில்லட்டை அரத்தில் தேய்க்கும்போது விளிம்பில் டியூப் சுவரும் சேர்ந்து தேயும். 0.8-ல் 0.2 போனால் கால் பங்கு போயிற்று. விளிம்புக்கு எமரித் துணிதான்.

நேர் பார்க்க: பின் டிராப்அவுட் (சக்கர அச்சு உட்காரும் பிளவு) ஒன்றிலிருந்து நூலை ஹெட் டியூபைச் சுற்றி மற்றதில் கட்டி, சீட் டியூபுக்கு இருபுறமும் இடைவெளி அளக்கவேண்டும். வித்தியாசம் 1 மி.மீ.க்குள் வந்தது. ஹெட் டியூப் முறுக்கிக்கொண்டதா என்று நூல் சொல்லாது. அதற்குச் சமதளக் கல் வேண்டும். பாட்டம் பிராக்கெட் மரை சூட்டில் கோணியதால் இரு பக்கமும் டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்ட வேண்டியிருந்தது. செயின் பக்கம் இடது மரை என்பதை மறந்தால் ஷெல் காலி.

இதில் ஃபாக்டரியின் பலம் வேறு மாதிரி. 6061 அலுமினியப் பிரேமை வெல்டிங் முடித்துச் சூடேற்றிக் குளிர்வித்து, மென்மையாக இருக்கும்போதே நேராக்கி, அதன்பின் கடினமாக்குகிறார்கள். ஒவ்வொரு மாடலையும் ஐஎஸ்ஓ 4210 சோதனையில் 1,00,000 முறை பெடல் விசை கொடுத்துப் பார்க்கிறார்கள். ஒற்றைப் பிரேமில் அப்படி உடைத்துப் பார்க்க வழி இல்லை. அதனால்தான் டவுன் டியூபுக்கு 0.9. எடை 2 கிலோவைச் சுற்றி வரும், எக்ஸ்எஸ் அலுமினியம் இதைவிட இலகு. குழாய், கேஸ், கம்பி கணக்கெல்லாம் கூட்டினால் விலையிலும் மிச்சமில்லை.

அடுத்து பவுடர் கோட்டிங், அதாவது பெயின்ட் தூளைத் தெளித்து அடுப்பில் உருக்கிப் படியவைப்பது. அடுப்புச் சூடு 200 டிகிரியைச் சுற்றியே என்பதால் பித்தளைக்கும் சில்வருக்கும் ஒன்றும் ஆகாது. ஹெட் டியூப் உள்வாய், சீட் டியூப் உள்வாய், மரைகள் மூன்றையும் அடைத்தே அனுப்பவேண்டும். வந்ததும் காற்றுத் துளை வழியாக உள்ளே துரு தடுக்கும் எண்ணெய் விட்டு, பிரேமை எல்லாப் பக்கமும் திருப்பி வடியவிடவேண்டும்.